மானுக்கு ஏற்ற உண்டை

செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சைக்கிள் கடையில் பழைய டியூப் ஒன்று வேண்டும் என்று அமிர்தவல்லி போய் நின்றபோது அவளுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. ஒட்டுப் போட்டது வேண்டாம், வெயிலில் கிடந்து வெடித்தது வேண்டாம், இழுத்தால் வர வேண்டும், விட்டால் சுளீரென்று திரும்ப வேண்டும் என்றாள். எந்தச் சைக்கிளுக்கு என்று கடைக்காரர் கேட்டார். சைக்கிளுக்கு இல்லை, உண்டிவில்லுக்கு என்றாள். பேரப்பிள்ளை விளையாடவா என்று கேட்டார். விளையாட இல்லை, எனக்குத்தான் என்றாள். கடைக்காரர் காற்றடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லாததைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் நல்ல டியூபாக ஒன்று எடுத்துவந்து கொடுத்தார்.

சங்கதி என்னவென்றால், அவளுடைய நிலம் கோட்டை மலைகளுக்குப் பின்னால், காப்புக்காட்டின் எல்லைக் கல்லை ஒட்டி இருந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் பட்டா நிலம், அந்தப் பக்கம் காடு. கிணற்றில் தண்ணீர் உண்டு, மண்ணும் நல்ல செம்மண். அப்படிப்பட்ட நிலத்தில் விளைந்ததையெல்லாம் மான்தான் முதலில் ருசி பார்த்தது. கணவன் உயிரோடு இருந்தவரை காவல் காத்தான். அவன் போன பிறகு அடுத்த நிலத்துக்காரனான அவன் தம்பி தங்கராசு இதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டான். அவனோடு மானும் சேர்ந்து பார்த்துக்கொண்டது. போட்ட உளுந்து வீடு வந்து சேரவில்லை. அதற்கு முன்னால் போட்ட காராமணியும் அப்படியே போயிற்று.

தங்கராசுவுக்குக் கோபம் வராமல் இருக்குமா? இனிமேல் இந்த நிலத்தில் சவுக்கு வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டான். சவுக்கை நட்டால் வருஷக்கணக்கில் திரும்பிப் பார்க்க வேண்டாம், மான் வாயும் வைக்காது, அண்ணி வீட்டோடு நிம்மதியாக இருக்கலாம் என்று அவன் நினைத்தான். அவன் கெட்டவன் இல்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னான். ஆனால் அந்த நிலமும் போய்விட்டால், காலையில் எழுந்து போவதற்கு அமிர்தவல்லிக்கு ஓர் இடம் இல்லை. மகள் மஞ்சு கடைத்தெருவில் மருந்துக்கடை வேலைக்குப் போய்விடுவாள். பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காருகிற உடம்பா அது?

"இந்த ஒரு போகம் நான் மல்லாட்டை போடறேன்" என்றாள். நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை என்றுதான் பெயர். "முழுசா வூட்டுக்கு வந்துட்டுதுன்னா நெலம் என் கையில இருக்கும், சவுக்குன்ற பேச்சு அப்பறம் வரக் கூடாது. மான் தின்னுட்டுதுன்னா, நீயே வந்து நட்டுக்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

தங்கராசு ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்ட கையோடு சவுக்குக் கன்றுகளுக்கும் சொல்லி வைத்தான். கன்றுகள் வந்து அவன் மோட்டார் கொட்டகை நிழலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. அவள் நிலத்துக்குப் போகும்போதெல்லாம் அவை கண்ணில் படும்.

மார்கழியில் விதைத்தாள். தை பிறந்ததும் செடி தழைத்தது. கோடையை நோக்கிப் போகிற காலம் அது. மலையில் பச்சை குறையக் குறைய, கீழே அவள் நிலம் மட்டும் பளபளவென்று தெரிந்தது. மானுக்குக் கண் இல்லையா? பொழுது சாய்ந்து ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குகிற நேரத்தில் ஒரு கூட்டம் வரும். விடியலில் இன்னொரு முறை வரும். முதலில் எல்லோரையும் போல அவளும் பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டினாள். மான் புடவையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தாண்டியது. தகரம் கட்டித் தட்டினாள். கொஞ்ச நாள் பயந்தது. பிறகு தகரச் சத்தம் கேட்கக் கேட்கவே மேய்ந்தது.

அப்போதுதான் தங்கராசு ஒருநாள் பச்சமுத்துவை நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். பச்சமுத்து பட்டாளத்தில் இருந்தவர். திரும்பி வந்து ஒரு பேங்க் வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு காவல் நின்றவர். ஊரில் துப்பாக்கியைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போவார்கள். அவரைக் கேட்காமல் இருந்தாலும் சொல்லுவார். மீசை மட்டும் இன்னும் பட்டாளத்திலேயே இருந்தது.

தங்கராசுவின் யோசனை இது. நாட்டுத் துப்பாக்கிக்காரன் ஒருவனைப் பிடித்து ஒரே ஒரு மானைச் சுட்டால் மற்றவை இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது. அதற்கு என்ன குண்டு தேவைப்படும் என்று பச்சமுத்துவைக் கேட்டான். பச்சமுத்து வரப்பில் உட்கார்ந்து வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார். கொக்கு, காடைக்குப் போடுகிற சன்ன ரவையை மானுக்குப் போட்டால் தோலோடு நின்றுவிடும், மான் ஓடிப்போய்ப் புதரில் கிடந்து புழுத்துச் சாகும் என்றார். சண்டையில் போடுகிற குண்டு கடினமானது, ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விடும், அதுவும் மானுக்கு ஆகாது. மானுக்கென்று இருக்கிற குண்டு உள்ளே போனதும் பூ மாதிரி மலர்ந்து அங்கேயே நின்றுவிட வேண்டும். வெளிநாட்டில் நம் கடமானைவிடப் பெரிய கொம்புமான் ஒன்று குதிரை உயரத்துக்கு இருக்கிறது, அதற்கு மலர்வது மட்டும் போதாது, எலும்பைத் தாண்டிப் போகிற கனமும் வேண்டும். இப்படிச் சொல்லிக்கொண்டே போனவர் கடைசியில் விரலை நீட்டினார்.

"எதுக்குச் சுடறோம்னு மொதல்ல முடிவு பண்ணணும் தங்கராசு. அப்பறம்தான் குண்டு. ஆனா ஒண்ணு, இந்த ஊர்ல மானைச் சுட்டா குண்டு மான் மேல படும், கேஸ் உன் மேல படும். நான் குண்டப் பத்தித்தான் சொன்னேன், சுடச் சொல்லலை."

தங்கராசு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் களை பிடுங்கிக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அமிர்தவல்லிக்கு அந்த ஒரு பேச்சு மனதில் உட்கார்ந்துவிட்டது. எதற்கு என்று முதலில், குண்டு அப்புறம். அவளுக்கு மான் சாக வேண்டாம். மான் போனால் போதும். அப்படியானால் அவளுக்கு வேண்டியது துப்பாக்கி இல்லை, அதற்குரிய குண்டும் இல்லை. மறுநாள்தான் சைக்கிள் கடைக்குப் போனாள்.

கொய்யாக் கவை ஒன்று வெட்டி, டியூபை நீளமாகக் கிழித்துக் கட்டி, பழைய செருப்புத் தோலில் உண்டை வைக்கிற இடம் தைத்தாள். சின்ன வயதில் அவள் அண்ணன்மார் வைத்திருந்தார்கள். அவள் தொட்டால் பிடுங்கிக்கொள்வார்கள். இப்போது பிடுங்க ஆள் இல்லை. ஆனால் உண்டிவில் என்பது பார்ப்பதற்குத்தான் சுலபம். முதல் நாள் இழுத்து விட்டதில் அவள் கட்டைவிரலே வீங்கியது.

முதலில் கல் போட்டாள். சாலை போடக் கொட்டியிருந்த கருங்கல் சல்லியில் சின்னதாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். சல்லி கனம்தான், ஆனால் மூலைக்கு மூலை கூர் இருந்ததால் காற்றில் போகும்போது திசை மாறியது. கிழக்கே குறி வைத்தால் தென்கிழக்கே போயிற்று. அப்படிப் போனதில் ஒன்று தங்கராசுவின் மோட்டார் கொட்டகையில் எரிந்துகொண்டிருந்த பல்பைச் சுக்குநூறாக்கியது. மான்கள் சத்தம் வந்த திசையைப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

தங்கராசு துடைப்பத்தோடு வந்து கண்ணாடித் துண்டுகளைக் கூட்டினான். "மானுக்குக் குறி வெச்சா பல்பு சாவுது. பல்புக்குக் குறி வெச்சிப் பாருங்க அண்ணி, மான் வுழுந்தாலும் வுழும்" என்றான். அவள் புது பல்பு வாங்கிக் கொடுத்தாள்.

கல்லின் உருவம்தான் குற்றம் என்று புரிந்துகொண்டாள். ஏரி வண்டலைக் கொண்டுவந்து நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, உமி மூட்டத்தில் போட்டுச் சுட்டாள். செக்கச்செவேலென்று, தட்டினால் கணீரென்று கேட்கிற உண்டைகள் கிடைத்தன. இவை நேராகப் போயின. வேகமாகவும் போயின. ஆனால் சுட்ட மண்ணும் கல்லும் ஒரே ஜாதி என்று அவள் யோசிக்கவில்லை. ஒரு மாலையில் கூட்டத்துக்கு முன்னால் நின்ற கொம்புமானின் பின்னந்தொடையில் உண்டை போய் விழுந்தது. அது ஒரு சத்தம் போட்டது பாருங்கள், நாய் குரைப்பதற்கும் மனிதன் கத்துவதற்கும் நடுவில் ஒரு சத்தம். கூட்டம் பறந்துவிட்டது. அந்தக் கொம்புமான் மட்டும் ஒரு காலைத் தரையில் வைக்காமல் நொண்டிக்கொண்டே எல்லைக் கல்லைத் தாண்டிப் போயிற்று.

நிலம் காலியாகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். மஞ்சு என்ன என்று கேட்டாள். உப்பு போதவில்லை என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

மறுநாள் வனக்காவலர் கன்னியப்பன் வந்தார். காப்புக்காட்டு எல்லையில் நடந்து நடந்தே தேய்ந்த மனிதர். உள்ளங்கையில் ஒரு சிவப்பு உண்டையை வைத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, இது உங்க வூட்டு உண்டையா?"

"என்னுதுதான்."

"மான் மேல பட்டுதா?"

"பட்டுது."

பொய் சொல்லுவாள் என்று நினைத்துத்தான் அவர் வந்திருந்தார். செடிகளைப் பார்த்தார். மான் தின்ற இடம் மொட்டையாகத் தெரிந்தது. எலும்பு முறியவில்லை, நடக்கிறது, தேறிவிடும் என்றார். மறுபடி பட்டால் மேலே எழுதிக் கொடுக்க வேண்டிவரும், அது தனக்கும் வேண்டாம், அவளுக்கும் வேண்டாம் என்றார். உண்டையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

சுட்ட உண்டைகளை எல்லாம் கூடையோடு எடுத்துப்போய்க் கிணற்றில் போட்டாள். பிறகு நேரே பச்சமுத்து வீட்டுக்குப் போனாள். மலர்கிற குண்டு என்று சொன்னீர்களே, அது எப்படி மலர்கிறது என்று கேட்டாள். அவர் இரண்டு விரலைக் குவித்து விரித்துக் காட்டினார். மெத்தென்ற உலோகம், பட்டதும் பிதுங்கும் என்றார்.

"எனக்குப் பிதுங்கறதும் வேணாம் அண்ணே. பட்டதும் மாவாப் போவணும். சத்தம் வரணும், வலி வரக் கூடாது."

பச்சமுத்து மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பட்டாளத்தில் அப்படி ஒன்று கேட்டவர்களே இல்லை என்றார். பிறகு, "அப்ப சுடாத" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன மிகச் சின்னப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

சுடாத உண்டை. வெயிலில் காய்ந்தது மட்டும். கேட்கச் சுலபம்தான். செம்மண்ணில் உருட்டினால் தோலில் வைத்து இழுக்கும்போதே கையில் உதிர்ந்தது. வண்டலில் உருட்டினால் காயும்போது வெடித்தது. பல மண்ணைப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஏரிக்கரையில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் உவர்மண்ணை அள்ளிவந்தாள். அந்த மண் காய்ந்தால் இறுகும் என்பது அவளுக்குத் தெரியும். காய்ந்த பிறகு அதன்மேல் நடந்து குதிகால் நொந்தவள் அவள். உவர்மண்ணையும் வண்டலையும் பாதிக்குப் பாதி கலந்தாள். பிசையத் தண்ணீர் வேண்டும். கொல்லையில் மாட்டுக்கு வைத்திருந்த கழுநீர்த் தொட்டி பக்கத்தில் இருந்தது. அரிசி கழுவிய தண்ணீரும் வடித்த கஞ்சியும் பசைபோலப் பிடிக்கும் என்று அதையே மொண்டு ஊற்றிப் பிசைந்தாள். கோடையில் மாட்டுக்குத் தாகம் எடுத்துத் தண்ணீர் குடிப்பதற்காக அந்தத் தொட்டியில் தினமும் ஒரு கை கல்லுப்பும் தவிடும் போடுவது அவள்தான். அன்றைக்கு அதை அவள் நினைக்கவில்லை.

உண்டை அருமையாக வந்தது. கையில் கெட்டி. பாறையில் அடித்தால் பட்டென்று சத்தம் போட்டு மாவாகச் சிதறியது. தன் காலிலேயே ஒன்றை அடித்துப் பார்த்தாள். எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அன்று மாலை கூட்டம் வந்ததும் மான் மேல் அடிக்காமல் அதன் காலடிக்கு முன்னால் வரப்பில் அடித்தாள். பட்டென்று வெடித்துப் புழுதி எழும்பியதும் கூட்டம் விழுந்தடித்து ஓடியது. மறுநாளும் ஓடியது. அதற்கு மறுநாளும் ஓடியது. கிடைத்துவிட்டது ஐயா குண்டு என்று அவள் மனசு துள்ளியது. தங்கராசுவைக் கூப்பிட்டு, சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தலாம் என்று சொல்லியும் விட்டாள். அந்தச் சந்தோஷத்தில் கூடை கூடையாக உருட்டிக் காயவைத்தாள். குறியும் கைக்கு வந்துவிட்டது. நினைத்த செடிக்கு முன்னால் உண்டை போய் விழும்.

அப்படித் தங்கராசுவே பார்க்க வந்த ஒரு மாலையில்தான் அந்தக் கூத்து நடந்தது.

கூட்டம் எல்லைக் கல்லைத் தாண்டி வந்தது. அமிர்தவல்லி உண்டிவில்லை இழுத்து விட்டாள். வரப்பில் பட்டென்று வெடித்தது. மான்கள் தலையைத் தூக்கின. ஓடவில்லை. அந்தக் கொம்புமான், அவள் சுட்ட உண்டை பட்டுத் தேறி இப்போது லேசாகத்தான் தாங்கி நடந்த அதே கொம்புமான், உண்டை விழுந்த இடத்துக்கு நடந்து வந்து, நாக்கை நீட்டி வரப்பை நக்கியது. அவள் இன்னொன்று அடித்தாள். இரண்டு மான் அங்கே வந்து நக்கின. மூன்றாவது அடித்தபோது கூட்டமே வந்துவிட்டது. குட்டிகள் முண்டியடித்தன. முதல் நாட்களில் அவள் அடித்துச் சிதறியவை எல்லாம் வரப்பெங்கும் மாவாகக் கிடந்தனவே, அவள் வீடு திரும்பிய பிறகு, ஓடிய மான்கள் மறுபடி வந்து அவற்றை ருசி பார்த்திருக்கின்றன. இப்போது உண்டை வெடிக்கிற சத்தம் அவற்றுக்குச் சாப்பாட்டு மணி.

தங்கராசு வரப்பில் உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னா அண்ணி, மானுக்கு மாத்திரை குடுக்கறீங்களா? மஞ்சு கடையிலேர்ந்து எடுத்தாந்தீங்களா? சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

அவள் ஓர் உண்டையை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. உவர்மண், கழுநீர்த் தொட்டி, கல்லுப்பு, தவிடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தன் கையாலேயே காட்டு மானுக்கு வாய்க்கு ருசியாகச் செய்து, தன் நிலத்துக்கே வரவழைத்து, நாள் தவறாமல் ஊட்டியிருக்கிறாள். நக்கி முடித்த மான்கள் பக்கத்திலிருந்த செடியையும் தொட்டுக்கொண்டன. தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டாமா?

தகரத்தைத் தட்டிக் கத்தி அன்றைக்குத் துரத்தினார்கள். தங்கராசு போகும்போது சிரிப்பை நிறுத்திவிட்டு, பரவாயில்லை அண்ணி, நீங்கள் இவ்வளவு நாள் நின்றதே பெரிது, கன்றுகளை அடுத்த வாரம் இறக்கிவிடலாம் என்று மெதுவாகச் சொன்னான். அவன் சிரித்தது அவளுக்கு வலிக்கவில்லை. இரக்கப்பட்டதுதான் வலித்தது.

மாடு கொல்லையில் தொட்டிப் பக்கத்தில் நின்றது. மறுநாள் காலையில் அதற்குக் கழுநீர் வைக்கும்போது அமிர்தவல்லி அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாடு தொட்டியை நக்கி முடித்துவிட்டுத் தண்ணீர் வாளியைத் தேடிப் போயிற்று. குடித்துவிட்டு அங்கேயே நிழலில் படுத்து அசைபோட ஆரம்பித்தது. தொட்டி ஓரிடம், வாளி பக்கத்தில், நிழல் பக்கத்தில். அவிழ்த்துவிட்டால்கூட எங்கேயும் போகாது.

பச்சமுத்து சொன்னது மறுபடி வந்தது. எதற்கு என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அவள் முடிவு செய்ததில்தான் பிசகு. மான் இங்கிருந்து போக வேண்டும் என்று நினைத்தாள். போ என்றால் எங்கே போகும்? மான் அங்கே இருக்க வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். குண்டு சரியான குண்டுதான். திசைதான் தப்பு.

எல்லைக் கல்லுக்கு அப்பால், காட்டுக்குள் சற்றுத் தள்ளி ஒரு சாய்ந்த பாறை உண்டு. பாறைக்குக் கீழே, கோடையில் விலங்குகள் குடிப்பதற்காக வனத்துறை கட்டிய சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. மான்கள் நிலத்துக் கிணற்று வாய்க்காலிலேயே குடித்துப் பழகிவிட்டதால் அந்தத் தொட்டிப் பக்கம் எதுவும் வருவதில்லை. வராத தொட்டிக்கு லாரித் தண்ணீர் எதற்கு என்று விட்டுவிட்டதில் இலை சருகு நிரம்பிக் கிடந்தது. அவள் கன்னியப்பனைத் தேடிப் போனாள். கல்லைத் தாண்டிக் கால் வைக்க மாட்டேன், இந்தப் பக்கம் நின்று அந்தப் பாறையில் மண்ணுருண்டை அடித்தால் குற்றமா என்று கேட்டாள். அவர் உண்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். மாடு தின்பதைத்தான் என்றாள். கோடையில் தாங்களே காட்டுக்குள் உப்பு வைப்பது உண்டு என்று சொல்லி, மேலே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வருவதாகப் போனார். கேட்டுக்கொண்டு வந்தும் விட்டார்.

"கல்லுக்கு இந்தப் பக்கம் நின்னு அடிங்க அக்கா. உள்ள ஒரு அடி வெச்சாலும் நான் எழுதிக் குடுக்கணும்."

"நான் எதுக்கு வெக்கறேன்? உண்டதான் போவப் போவுது. அதுக்கும் கேஸ் போடுவியா?"

கன்னியப்பன் சிரித்துவிட்டார். தொட்டியில் தண்ணீர் நிரப்பச் சொல்லுகிறேன், மான் வருகிறதா பார்ப்போம் என்றார்.

அன்றிலிருந்து நிலத்துக்குள் ஓர் உண்டையும் விழவில்லை. வரப்பில் சிதறிக் கிடந்ததை எல்லாம் மண்வெட்டியால் சுரண்டிக் கூடையில் அள்ளினாள். நக்கி வழவழவென்று ஆகியிருந்த வரப்பைக் கொத்திப் புது மண் போட்டாள். உண்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, உப்பும் தவிடும் இப்போது தெரிந்தே கூடப் போட்டாள். காலையிலும் மாலையிலும் கூட்டம் வருவதற்கு முன்னால் எல்லைக் கல்லருகில் போய் நின்று, மலையைப் பார்த்து அடிப்பாள். பாறை தூரம். முதலில் பாதி வழியில் விழுந்தன. ரப்பரை இரட்டையாகக் கட்டினாள். தோள் கழன்றுபோகிற மாதிரி இருந்தது. மஞ்சு கடையிலிருந்து தைலம் கொண்டுவந்து தேய்த்துவிட்டபடியே, ஊரில் அவரவர் அம்மா சீரியல் பார்க்கிறார்கள், என் அம்மா பாறையைச் சுடுகிறாள் என்று அலுத்துக்கொண்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் உண்டை உருட்ட அவளும் உட்கார்ந்தாள்.

சாய்ந்த பாறையில் பட்டென்று வெடிக்கிற சத்தம் மலையில் மோதி நன்றாகக் கேட்டது. சாப்பாட்டு மணி என்று மான்களுக்கு ஏற்கெனவே பாடம் ஆகியிருந்ததே, அது இப்போது கைகொடுத்தது. முதல் மாலையில் நிலத்தை நோக்கி இறங்கிய கூட்டம் சத்தம் கேட்டு நின்றது. காதுகளைத் திருப்பியது. கொம்புமான் ஒரு முறை பச்சையைப் பார்த்தது, ஒரு முறை பாறையைப் பார்த்தது. அமிர்தவல்லி மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொன்று இழுத்து விட்டாள். பாறையின் நடு நெற்றியில் வெடித்து வெள்ளையாக வழிந்தது. கொம்புமான் திரும்பியது. அதன் பின்னால் கூட்டமும் திரும்பியது. பாறையை நக்கின. நக்கி முடித்து, தாகம் எடுத்து, கீழே தொட்டியைக் கண்டுபிடித்தன. குடித்தன. சுற்றிலும் வேலிக்காத்தான் முள்மரத்துக் காய் உதிர்ந்து கிடக்கிற காலம் அது. அதை மேய்ந்துகொண்டே அங்கேயே இருட்டும்வரை நின்றன.

கல்லுக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டுச் சிரித்தாள். யாரும் இல்லாத இடத்தில் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஒன்றிரண்டு நாள் ஒரு குட்டியோ ஒரு பெட்டையோ பழைய ஞாபகத்தில் நிலத்துக்குள் வந்தது உண்டு. அவற்றுக்குத் தகரம் போதுமாக இருந்தது. மாசி போய்ப் பங்குனி வந்தபோது, அவள் அடிக்கப் போவதற்கு முன்னாலேயே கூட்டம் பாறையடியில் காத்துக்கொண்டு நின்றது. மான் வருவதைப் பார்த்துத் தொட்டிக்குத் தவறாமல் தண்ணீர் வந்தது. மொட்டையாக்கப்பட்ட செடிகள்கூட மறுபடி தழைத்து, விழுதிறக்கி, காய் பிடித்தன.

பிடுங்கிய அன்று பார்க்க வேண்டுமே. ஒரு செடியைப் பிடித்துத் தூக்கினால் கொத்துக் கொத்தாகக் காய், மண் உதறினால் கலகலவென்று சத்தம். கூலிக்கு வந்த பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து ஆய்ந்து குவித்தார்கள். குவியல் ஏற ஏற அமிர்தவல்லி ஒவ்வொரு குவியலிலும் ஒரு காயை உடைத்து மென்று பார்த்தாள். ஒன்றும் பொக்கு இல்லை. காய வைத்து, மூட்டை கட்டி, வீட்டுக் கூடம் நிறைந்து, நடக்க வழியில்லாமல் மஞ்சு மூட்டை மேல் ஏறித்தான் அடுப்படிக்குப் போனாள். விற்பதற்காகச் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு ஏற்றிய அன்று வண்டிக்காரன் பக்கத்தில் முன் சீட்டில் அவளே உட்கார்ந்து போனாள். பின்னால் மூட்டைமேல் உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டாள். கமிட்டியில் காயைக் கையில் அள்ளிப் பார்த்தவர்கள் எந்த ஊர் நிலம் என்று கேட்டார்கள். மான் காவல் காத்த நிலம் என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை.

தங்கராசு வாக்கு மாறுகிறவன் இல்லை. சவுக்குக் கன்றுகளை எடுத்துக்கொண்டுபோய்த் தன் நிலத்தின் மேட்டுப் பக்கத்திலேயே நட்டுக்கொண்டான். மீதி நிலத்தில் காராமணி போட்டான். காட்டின் வேறு பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம் இறங்குவது அதற்குப் பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

ஒருநாள் காலையில் அமிர்தவல்லி வீட்டு வாசலில் வந்து நின்றான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினான், மோட்டாரைப் பற்றிப் பேசினான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்.

"அண்ணி, அந்த மாத்திரை ஒரு கூடை இருந்தா குடுங்களேன்."

"சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

உள்ளே மஞ்சு சிரித்த சத்தம் கேட்டது. தங்கராசுவும் சிரித்துவிட்டான். சிரித்தால் விட்டுவிடுவாளா? ஓர் உண்டைகூட எடுத்துக் கொடுக்கவில்லை. கொல்லையைக் கைகாட்டினாள். அங்கே உவர்மண்ணும் வண்டலும் குவிந்து கிடந்தன. கழுநீர்த் தொட்டி நிறைந்து நின்றது.

"உன் மானுக்கு நீதான் பெசையணும். வா, வேட்டிய மடிச்சிக் கட்டு. மண்ணு கையில ஒட்டுதுன்னா போதாது, நுனி நாக்குல வெச்சி ருசி பாக்கணும். உப்பு பத்தலன்னா மான் திரும்பாது."

தங்கராசு வேட்டியை மடித்துக் கட்டினான். மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தது. அவன் மண்ணை மிதித்துப் பிசைந்து, ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, போதுமா அண்ணி என்று கேட்டான். அவள் குனிந்து தானும் ஒரு துளி எடுத்து ருசி பார்த்தாள்.

"இன்னும் ஒரு கை போடு" என்றாள்.